குறுந்தகட்டைக் காரிலேயே பதிந்துகொள்ளும் ஸ்டீரியோ: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

பல ஆண்டுகளாகக் குறுந்தகடுகளை வாங்கிச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு, கார் ஸ்டீரியோவோடு சேர்ந்து வரும் வன்தட்டைப் (ஹார்டு டிஸ்க்) போல உதவும் வசதி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அமைப்புப் பக்கத்தைத் (செட்டிங்ஸ்) திறந்து ஒலித்தர அளவைப் பார்க்காமலே பதிவைத் தொடங்குபவர்கள், பிறகு அத்தனை தகடுகளையும் மறுபடியும் முதலிலிருந்து பதிய நேரிடும். இந்த மதிப்புரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதைத்தான்.

இவ்வகைக் கருவிகளில் வன்தட்டு இடம்பெற்றதற்கு முதற்காரணம் இசையன்று, வழிகாட்டி வரைபடங்களே. பயோனியர் நிறுவனம் 2001இல் ஜப்பானில் வன்தட்டுடன் கூடிய வழிகாட்டிக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிரைஸ்லர் தனது 2007 மாடல் கார்கள் சிலவற்றில் 20 ஜிபி வன்தட்டு கொண்ட கருவியைப் பொருத்தியது. வரைபடங்கள் போக எஞ்சிய இடத்தைப் பாட்டுக்கு ஒதுக்கும் வழக்கம் இப்படித்தான் வந்தது. நான் பயன்படுத்தும் கருவியிலும் பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டிருப்பது 10 ஜிபி மட்டுமே. மொத்தக் கொள்ளளவைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

பதியும் முறை மிக எளிது. தகட்டைச் செருகியதும் முதற்பாட்டு ஒலிக்கத் தொடங்கும்போதே, திரையின் ஓரத்தில் ஒரு சிறு சிவப்புக் குறி தோன்றிப் பதிவு நடப்பதை அறிவிக்கிறது. பாட்டு ஒலிக்கும் வேகத்தைப் போல நான்கு மடங்கு வேகத்தில் பதிவு நடப்பதால், ஒரு மணி நேரத் தகடு ஏறத்தாழப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இடையில் வண்டியை அணைத்துவிட்டால், பாதியில் நின்ற பாட்டை மட்டும் கைவிட்டுவிட்டு, அடுத்த முறை அந்தப் பாட்டின் தொடக்கத்திலிருந்து தொடர்கிறது. இன்னும் பதிவாகாத பாட்டுக்குத் தாவ முயன்றால் மட்டும் கருவி ஏற்பதில்லை. சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். கணினியோ கேபிளோ இல்லாமல், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிடுவது உண்மையிலேயே பெரிய நிம்மதி.

இனி ஒலித்தரம். குறுந்தகட்டில் இசை நொடிக்கு 44,100 மாதிரிகளாக (ஒலியின் அளவீடுகளாக), ஒவ்வொன்றும் 16 பிட் அளவில், இடது, வலது என இரு ஒலிவழிகளாகப் பதியப்பட்டிருக்கிறது. கணக்கிட்டால் நொடிக்கு 1,411 கிலோபிட் தரவு. அப்படியே நகலெடுத்தால் ஒரு மணி நேரத் தகட்டுக்கு 635 எம்பி ஆகும் என்பதால், 10 ஜிபியில் பதினைந்து தகடுகளுக்கு மேல் அடங்காது. ஆகவே கருவி அதைச் சுருக்கித்தான் பதிகிறது. என் கருவி தொழிற்சாலையிலிருந்து வரும்போது நொடிக்கு 128 கிலோபிட் என்று அமைக்கப்பட்டிருந்தது. அந்த அளவில் ஒரு மணி நேரத் தகடு 58 எம்பிக்குள் முடிந்து, ஏறத்தாழ 170 தகடுகள் அடங்கும். 256 கிலோபிட் என்று மாற்றினால் தகட்டின் எண்ணிக்கை பாதியாகும். அந்தப் பாதியே போதும் என்பேன். ஓடும் வண்டியின் இரைச்சலில் வேறுபாடு தெரியாது என்று பலர் சொல்வது ஓரளவுக்கு உண்மையே; ஆனாலும் நிறுத்தி வைத்த வண்டியில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். தம்புராவின் ரீங்காரத்திலும், கைத்தாளத்தின் கூர்மையான ஓசையிலும் 128 கிலோபிட் பதிவு மங்கி, நீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழைகிறது. ஏற்கெனவே சுருக்கிப் பதிந்ததை உயர்த்த வழியில்லை. தகட்டை மறுபடியும் செருகித்தான் ஆக வேண்டும்.

பெயர்கள்தாம் இந்த வசதியின் உயிர்நாடி. குறைகள் மிகுதியாகத் தென்படுவதும் இங்குதான். பெரும்பாலான குறுந்தகடுகளில் பாட்டின் பெயரே பதியப்பட்டிருப்பதில்லை. தகட்டில் எத்தனை பாட்டுகள் உள்ளன, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற பட்டியலைக் கருவி படித்து, வன்தட்டில் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, பொருந்தும் பெயரைக் காட்டுகிறது. கிரேஸ்நோட் நிறுவனத்தின் தரவுத்தளம் பல கார்களில் பயன்படுகிறது. வண்டிக்குள் இருப்பது அதன் ஒரு பகுதிதான் என்பதாலும், புதுப்பிக்காவிட்டால் அது பழையதாகிவிடும் என்பதாலும், பின்னர் வெளிவந்த தகடுகளும் அதிகம் விற்காத தகடுகளும் வெறும் 'தடம் 01', 'தடம் 02' என்றே பதிவாகின்றன. பல தகடுகள் இப்படிச் சேர்ந்துவிட்டால், எந்தத் 'தடம் 05' எந்தப் பாட்டு என்று யாராலும் சொல்ல முடியாது.

தமிழ்த் தகடுகளில் இந்தத் தொல்லை கூடுதல். பெயர் கிடைத்தாலும் அது ஆங்கில எழுத்துகளில்தான் வருகிறது. ஒரே பாடகரின் பெயர் முதலெழுத்துகளுக்கிடையே புள்ளியுடன் ஒரு தகட்டிலும், புள்ளியின்றி இன்னொன்றிலும், வேறு எழுத்துக்கூட்டலில் மற்றொன்றிலும் வருவதால், கலைஞர் பட்டியலில் அவர் மூன்று பேராகப் பிரிந்து நிற்கிறார். திரையிலேயே திருத்தலாம், ஆனால் வண்டி நின்றிருக்கும்போது மட்டுமே விசைப்பலகை திறக்கும். ஒவ்வொரு தகட்டையும் பதிந்து முடித்த அன்றே, வண்டியை நிறுத்தியபின் சில நிமிடம் ஒதுக்கிப் பெயர்களைச் சரிசெய்துவிடுவதே நல்லது. தள்ளிப்போட்டால் பிறகு செய்யவே மாட்டோம்.

சாலையின் குலுக்கலைப் பற்றி அஞ்சத் தேவையில்லை. கார்களுக்கென்றே தயாரிக்கப்படும் வன்தட்டுகள் வெப்பத்தையும் அதிர்வையும் நன்றாகத் தாங்குகின்றன. பதியும்போது லேசர் தடுமாறுவதுதான் கவலை. கீறல் விழுந்த தகட்டைக் கணினி மென்பொருள் பலமுறை திரும்பப் படித்துச் சரிபார்க்கும்; என் கருவி அப்படிப் பொறுமை காட்டுவதில்லை. மேடுபள்ளத்தில் ஏற்பட்ட ஒரு துள்ளல் பாட்டின் நடுவே அப்படியே பதிந்துபோய், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து உறுத்துகிறது. பழைய தகடுகளை நன்றாகத் துடைத்து, சமமான சாலையில் செல்லும்போது பதிவது உத்தமம். கச்சேரிப் பதிவுகளைக் கேட்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: ஒலியைச் சுருக்கிப் பதியும் எம்பி3 முறை அதை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக நறுக்குவதால், பாட்டின் இறுதியில் நிரம்பாத துண்டு வெற்று ஒலியால் நிரப்பப்படுகிறது. இரு தடங்களுக்கிடையே கைதட்டல் தொடர்ந்து ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒரு கணம் அறுந்து மீள்வதற்கு இது ஒரு காரணம்.

யுஎஸ்பி குச்சியில் கணினியிலிருந்து பாட்டுகளை ஏற்றிச் செல்வதோடு ஒப்பிட்டால், தரத்திலும் பெயர்களிலும் குச்சியே மேல். ஆனால் அதற்குக் கணினியின் முன் உட்கார வேண்டும், தகடு படிக்கும் இயக்கியும் வேண்டும். இப்போது வரும் பல மடிக்கணினிகளில் அது இருப்பதில்லை. அந்த வகையில் காரின் வன்தட்டு இன்னும் தன் இடத்தை இழக்கவில்லை.

உள்ளே போன பாட்டு வெளியே வராது என்பதை மட்டும் மனத்தில் வைத்திருங்கள். பதிப்புரிமைக் காரணத்தால் என் கருவியில் வன்தட்டிலிருந்து குச்சிக்கோ கணினிக்கோ நகலெடுக்க வழியே இல்லை. வன்தட்டு பழுதாகி மாற்றப்பட்டாலும் அத்தனையும் போய்விடும். எனவே பதிந்தாயிற்று என்று தகடுகளை யாருக்கும் கொடுத்துவிடாமல், உறைகளோடு பத்திரப்படுத்துங்கள். வண்டியை விற்கும்போது அமைப்புப் பக்கத்தில் உள்ள 'அனைத்தையும் நீக்கு' என்பதை அழுத்திவிட்டுச் சாவியைக் கொடுங்கள். பாட்டுகளோடு, வழிகாட்டியில் சேமித்த வீட்டு முகவரியும் அழிந்துவிட்டதா என்று ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.