உப்புவெளி மணலிலும் தம்பலகாமக் களியிலும் ஏழு வருடம் உழைத்த கை ஓகர்

திருகோணமலையில் எண்ணெய் என்றால் எல்லாருக்கும் சீனக்குடாவில் இருக்கும் பெரிய எண்ணெய்த் தாங்கிகள்தான் நினைவுக்கு வரும். என் வேலை அவ்வளவு பெரியது இல்லை. பழைய பெற்றோல் நிரப்பு நிலையம், கராஜ் வளவு, ஹோட்டல் ஜெனரேட்டர் அறைப் பக்கம் என்று மூன்று நான்கு மீற்றர் ஆழத்துக்கு மண் எடுத்து, டீசல் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. அதற்காக 2018இல் ஒரு கை ஓகர் செட், அதாவது கையால் திருகி மண் எடுக்கும் துளைக்கருவி, வாங்கினேன். மண்ணை வெட்டி அள்ளும் 7 சென்றிமீற்றர் தலைகள் மூன்று, ஒரு மீற்றர் தண்டுகள் நான்கு. இப்போது தண்டு மூன்றுதான். மற்றது தம்பலகாமத்து வயலோரம் களிக்குள் கிடக்கிறது. ஒரே மூச்சில் அரை மீற்றர் திருகிய என் அவசரம்தான் காரணம். களியில் ஒரு சாண் இறங்கியதும் இழுத்துவிட வேண்டும்.

செட்டின் பெரிய குறை, தண்டுகளைப் பொருத்தும் திருகுப் புரி. கடற்கரை மணல் நாலு பருக்கை புகுந்தால் போதும், இறுகிவிடும். கிரீஸ் பூசலாமே என்பீர்கள். எண்ணெய் தேடுகிற துளையில் கிரீஸ் பூசிய தண்டை இறக்கினால் ஆய்வுகூடம் எதைக் கண்டுபிடிக்கும்? அதனால் பல்துலக்கும் பிரஷும் தண்ணீரும்தான். இதில் ரொம்ப நேரம் வீணாகியிருக்கிறது.

உப்புவெளியில் மாரிக்குப் பிறகு ஒன்றரை மீற்றரிலேயே தண்ணீர் வந்துவிடும். முதல் வருடம் அதற்குக் கீழும் சும்மா திருகி, வந்த மண்ணை எல்லாம் போத்தலில் போட்டேன். என்னோடு வருகிற கிண்ணியாக்காரர் முன்பு கிணறு வெட்டியவர். ஒருநாள் தலையில் இருந்த மணலைக் கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “சேர், இது அடியில இருந்து வந்த மண் இல்ல, பக்கத்தால சரிஞ்சது” என்றார். உண்மைதான். துளைச் சுவர் இடிந்து மேல் மண்ணும் கீழ் மண்ணும் கலந்திருந்தது. அன்றிலிருந்து தண்ணீரைத் தொட்டதும் பிவிசி குழாய் இறக்குகிறோம். குழாய்களை ஒட்டுவது இல்லை. பசையில் இருக்கும் கரைப்பான், ஆய்வுக்கு எடுக்கும் மண்ணில் ஏறிவிடும். புரி வைத்த குழாய்தான்.

இன்னொன்று, ஓகர் மண்ணைக் கிளறிக்கொண்டு வருவதால் பெற்றோல் போல ஆவியாகும் சரக்கு பாதி வழியிலேயே பறந்துவிடும். நான் தலையின் நடுவில் கிடக்கும் மண்ணை, நுனி வெட்டிய சிரிஞ்சால் உடனே குத்தி எடுத்து, மெதனோல் உள்ள சிறு போத்தலில் போட்டு மூடி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவேன். ஒருமுறை கொழும்புக்கு இரவு பஸ்ஸில் அனுப்பிய பெட்டி ஐஸ் எல்லாம் கரைந்து போய்ச் சேர, இரண்டு நாள் வேலையை மறுபடி செய்ய வேண்டியிருந்தது.

புல்மோட்டைப் பக்கம் வேலைக்குப் போகும் புதுப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: ஓகர் தலையில் வரும் மண்ணில் கறுப்பு வரி தெரிந்தால் எண்ணெய் என்று பதறாதீர்கள். இல்மனைட் என்கிற கறுப்புக் கனிம மணல் அது. மணந்தால் ஒன்றும் இராது, தண்ணீரில் போட்டால் படலம் மிதக்காது.

மொத்தத்தில் மணலுக்கும் களிக்கும் கை ஓகர் தாராளம். கல் தட்டினால் விட்டுவிட்டு, இயந்திரத்தால் துளையிடும் றிக்குக்குச் சொல்லிவிடுங்கள். அடுத்த செட் வாங்கும்போது புரி இல்லாமல், செருகித் திருப்பிப் பூட்டுகிற தண்டுகளாகத்தான் பார்ப்பேன். விலை கூட என்றாலும் சரி.