“அவரிடம் விலையைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்” என்று சொல்பவருக்குப் பொருளை விற்காதீர்கள்

கடந்த ஆடி மாதத்தில், கல்யாண வேலை ஏதும் இல்லாத நேரத்தில், என்னுடைய சோனி ஏ7 த்ரீ கேமராவையும் 24-70 லென்ஸையும் விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, இணையத்தில் 1,45,000 ரூபாய் விலை போட்டு விளம்பரம் கொடுத்தேன். மதுரையில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திருமணப் படம் எடுத்துவருகிறேன். எத்தனையோ மண்டபங்களில் எத்தனையோ விதமான மனிதர்களிடம் பாக்கி வசூலித்திருக்கிறேன். ஆகவே ஆளைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

முதலில் அழைத்தவர், தாம் எல்லையில் பணியாற்றும் ராணுவ வீரர் என்று சொல்லி, சீருடைப் படத்தையும் அடையாள அட்டையையும் கேட்காமலேயே அனுப்பினார். பிறகு ஒரு கியூஆர் கோடு வந்தது. அதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் முன்பணம் என் கணக்கில் ஏறிவிடுமாம். யுபிஐயில் பின் நம்பர் போடுவது பணம் கொடுப்பதற்கே தவிர வாங்குவதற்கு அன்று என்பதை இன்று பூ விற்கும் பாட்டியும் அறிவார். அந்த எண்ணைத் தடை செய்துவிட்டு, மோசடிக்காரனைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் இருந்தேன்.

மறுநாள் பேசியவன் வேறு மாதிரி. நம் ஊர்ப் பேச்சு. வாய்க்கு வாய் “அண்ணே”. ஷட்டர் கவுண்ட் (கேமரா இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை) எவ்வளவு, லென்ஸில் பூஞ்சை ஏதும் உண்டா, பில் இருக்கிறதா என்று தொழில் தெரிந்தவனைப்போலவே கேட்டான். மூவாயிரம் மட்டும் குறைக்கச் சொன்னான், ஒப்புக்கொண்டேன். தான் கோவையில் இருப்பதாகவும், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்து பார்ப்பான் என்றும், அந்தப் பையனுக்குத் தான் கொடுக்க வேண்டிய கடனுக்கு ஈடாக இந்தக் கேமராவைக் கொடுப்பதாகவும் சொன்னான். “அவன்கிட்ட வெலையைப் பத்தி மட்டும் பேசாதீங்கண்ணே, கணக்குல குழப்பம் வந்துரும். யாருன்னு கேட்டா என்னையத் தம்பின்னு சொல்லிருங்க.” அவர்களுக்குள் இருக்கும் கொடுக்கல் வாங்கல் நமக்கு எதற்கு என்று நானும் சரி என்றேன். இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இதன் தொடர்ச்சியே.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பையனும் அவனுடைய தகப்பனாரும் வீட்டுக்கு வந்தார்கள். பையன் லென்ஸின் மூடியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். காதணி விழா, வசந்த விழா என்று ஊரில் வேலைக்குக் குறைவில்லை, சொந்தக் கேமரா இல்லாததுதான் குறை என்றான். பெரியவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, “இதுல தண்ணி பட்டா வீணாப் போயிருமாய்யா?” என்று கேட்டார். பிறகு, “போன்ல பேசுனது ஒங்க தம்பிதான?” என்றார்.

“ஆமாங்கய்யா, தம்பிதான்” என்றேன்.

பையன் போனை எடுத்து ஏதோ அழுத்திவிட்டு, “அனுப்பிட்டேன்ணே” என்றான். அதே நிமிடத்தில் என் வாட்ஸப்பில் கோவைக்காரன் ஒரு படம் அனுப்பினான்: நெஃப்ட் (வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் முறை) மூலம் 1,42,000 ரூபாய் செலுத்தப்பட்டது. என் வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தேன், எதுவும் வரவில்லை. கேட்டதற்கு, இன்று ஞாயிறு என்பதால் நாளைதான் ஏறும், பொருளைக் கொடுத்தனுப்புங்கள் என்றான். அங்கேதான் எனக்கு உறைத்தது. 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் எல்லா நாளும், இருபத்து நான்கு மணி நேரமும், அரை மணிக்கு ஒரு தொகுதியாக நடக்கிறது. ஞாயிறும் பொங்கலும் அதற்கு இல்லை. படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். நெஃப்ட் பரிமாற்ற எண்ணில் பதினாறு எழுத்துகள் இருக்க வேண்டும். அதில் பன்னிரண்டு இலக்கங்களே இருந்தன. யுபிஐ ரசீதின் எண்ணை எடுத்து ஒட்டியிருந்தான்.

“பணம் இன்னும் வரவில்லையே தம்பி” என்று சொன்னபோது பையனின் முகம் மாறியது. அவன் காட்டிய விளம்பரத்தில் என் வீட்டு மேசைமேல் நான் எடுத்த அதே படங்கள் இருந்தன. விலை மட்டும் 95,000. என் விளம்பரத்தை அப்படியே நகலெடுத்து, விலையைக் குறைத்துப் போட்டு, கோவைக்காரன் எனக்கு வாங்குபவனாகவும், அந்தப் பையனுக்கு என் தம்பியாகவும் நின்றிருக்கிறான். பையனிடம், “அண்ணனிடம் விலை பேசாதே, அவருக்குக் குறைத்துக் கொடுக்க மனமில்லை” என்று சொல்லியிருந்தானாம். அந்தத் தொகைக்கும் காரணம் உண்டு என்று பிறகுதான் விளங்கியது. ஒரு லட்சத்துக்குள் இருந்தால் யுபிஐயில் ஒரே தடவையில் அனுப்பிவிடலாம். அதற்குப் பிறகு அவன் போன் எடுக்கவில்லை.

பிறகு, இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழைத்தோம். பரிமாற்ற எண், வங்கி, நேரம் ஆகியவற்றைக் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். ஆனால் பதற்றத்திலும், நானும் கூட்டாளியோ என்று பையனும் பெரியவரும் சந்தேகப்பட்ட சச்சரவிலும் முக்கால் மணி நேரம் வீணாகியிருந்தது. அந்தச் சந்தேகத்தை எப்படிக் குறை சொல்வது? அவர்கள் வாங்கிய ஒரே உத்தரவாதம் என் வாயிலிருந்து வந்தது. பணம் அதற்குள் பல கணக்குகளுக்குப் பிரிந்துபோய்விட்டது. 11,000 ரூபாயை மட்டுமே முடக்க முடிந்தது.

புகார் கொடுக்கச் சென்ற இடத்தில் ஒரு காவலர் சொன்னதையும் எழுத வேண்டும். அவன் உண்மையாகவே எனக்குப் பணம் அனுப்பியிருந்தாலும் நான் தப்பியிருப்பேன் என்று சொல்ல முடியாதாம். வேறு யாரையோ ஏமாற்றிப் பறித்த பணத்தைச் சில கும்பல்கள் நேரே விற்பவருக்கு அனுப்பி, பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் கொடுத்ததும் விற்றவரின் வங்கிக் கணக்கு முடங்குகிறது. ஆகவே பணம் அனுப்பும் கணக்கின் பெயரும், எதிரே நின்று பொருளை வாங்குபவரின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறாக இருந்தால், எவ்வளவு உருக்கமான கதை சொன்னாலும் விற்காதீர்கள். வந்து நிற்பவரிடம் விலையை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்; நான் “ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்” என்று ஒருமுறை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எல்லாம் வெளுத்திருக்கும். பணம் ஏறியதை உங்கள் வங்கிச் செயலியில் மட்டும் பாருங்கள். வாங்குபவர் போனில் காட்டும் பச்சை நிற டிக் குறியைக்கூடப் போலிச் செயலிகள் காட்டும்; பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் “வங்கி” குறுஞ்செய்தியை எவரும் தட்டச்சு செய்து அனுப்பலாம். விளம்பரப் படத்தில் உங்கள் பெயரும் விலையும் எழுதிய துண்டுச் சீட்டை வைத்துப் படமெடுப்பதும் நல்லது. நகலெடுப்பவனுக்கு அது இடைஞ்சல்.

பையன் அனுப்பியது, பெரியவர் நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம். சட்டப்படி எனக்குப் பொறுப்பில்லை என்று வீட்டில் சொன்னார்கள்; உண்மைதான். ஆனாலும் ஒரு பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன். இரண்டு வாரம் யோசித்து, கேமராவை லென்ஸோடு ஒரு லட்சத்துக்கு, மாதம் பத்தாயிரம் தவணையில் அந்தப் பையனுக்கே கொடுத்தேன். நான்காவது தவணையை ஐப்பசிக் கடைசியில் தகப்பனாரே கொண்டுவந்தார். காப்பி குடித்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது, குரலைத் தாழ்த்தி, “தப்பா நெனைக்காதீங்க... நெசமாவே அவன் ஒங்க தம்பி இல்லையா?” என்று கேட்டார்.