'கூமா' இருக்கிறதா என்று தேடுவதா, பொருள் எங்கே என்று தேடுவதா?

மொரீசியஸில் தமிழ்ப் பாடம் படிக்கும் பிள்ளைகளில் பலர் பிரெஞ்சு வகுப்பில் கொம்பரெசோனையும் (ஒப்பீடு) மெத்தாஃபோரையும் (உருவகம்) பார்த்துவிட்டுத்தான் அணி இலக்கணத்துக்கு வருகிறார்கள். கையில் சுலபமான ஒரு சோதனை இருக்கிறது: 'போல' என்று பொருள்படும் 'கொம்' இருந்தால், வீட்டுக் கிரியோலில் சொன்னால் 'கூமா' இருந்தால், அது ஒப்பீடு. இல்லையென்றால் மெத்தாஃபோர். இதையே தமிழுக்கும் வைத்துக்கொள்ளலாமா, அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தின் வழியில், பொருள் (அதாவது எதைப் பற்றிச் சொல்கிறோமோ அது) எங்கே என்று தேடிப் புதிதாகத் தொடங்க வேண்டுமா? நான் இரண்டாவதன் பக்கம்.

"அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல" என்ற குறளில் 'போல' கண்ணெதிரே நிற்கிறது. உவமை, சரி, முதல் வழியே போதும்.

மலரடி, அடிமலர் என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் 'போல' இல்லை, அதனால் 'கூமா' தேடுகிற பிள்ளை இரண்டுக்கும் உருவகம் என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழக்கிறது. மலரடி என்றால் மலர் போன்ற அடி, 'போன்ற' என்ற உவம உருபு மறைந்து நிற்கிறது, அவ்வளவுதான், அது உவமைத்தொகை. அடிமலர் என்றால் அடியாகிய மலர், அதுதான் உருவகம். "உவமையும் பொருளும் வேற்றுமை ஒழிவித்து ஒன்றென மாட்டின் அஃது உருவகம் ஆகும்" என்கிறது தண்டியலங்காரம். உருபு இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை, இரண்டும் ஒன்றாகிவிட்டனவா என்பதுதான் கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த வரையறை இது, மனப்பாடமே செய்யலாம்.

"அகர முதல எழுத்தெல்லாம்" குறளிலும் உருபு கிடையாது. ஆனால் எழுத்துக்கு அகரம், உலகுக்கு ஆதிபகவன் என்று இரண்டு தொடர்களும் தனித்தனியாக நிற்கின்றன, எதுவும் எதோடும் கலக்கவில்லை. எடுத்துக்காட்டு உவமை.

பிரெஞ்சு வழிக்கும் ஒரு பலன் உண்டு. மெத்தாஃபோர் ஃபிலே தெரிந்த பிள்ளைக்கு, ஓர் உருவகத்தை வரிக்கு வரி நீட்டிக்கொண்டே போவது புதிதாக இருக்காது. அப்புறம் "பிறவிப் பெருங்கடல்" குறள் வருகிறது: பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர் இறைவன் அடியைத் தெப்பமாக்காமல் விட்டுவிட்டார், பாதி உருவகம், பாதி நாமே நிரப்ப வேண்டியது. ஏகதேச உருவகம் என்று இதற்குத் தமிழில் தனிப் பெயரே இருக்கிறது. கடல் சூழ்ந்த தீவில் வளர்ந்த பிள்ளைக்கு அங்கே தெப்பம் இல்லாதது சட்டென்று தெரிந்துவிடும், அதைப் பிடித்துக்கொண்டே பாடத்தை நடத்தலாம்.

கடைசியாக, "பீலிபெய் சாகாடும் அச்சிறும்". மயிலிறகுதான், ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். இதில் 'கூமா'வைத் தேடினால் ஒன்றும் அகப்படாது, விடைத்தாளில் இடம் காலியாகவே கிடக்கும். பொருள் எங்கே என்று கேட்டால் வழி திறக்கிறது, ஏனென்றால் எளிய பகைவர்தானே என்று பலரை ஒருசேர எதிர்க்கிற அரசனைப் பற்றிய குறளில் அந்த அரசனே இல்லை, வண்டி மட்டும்தான் இருக்கிறது. பிறிதுமொழிதல் என்று தைரியமாக எழுதலாம்.