கோமெஸா, செஸ்பெடஸா: மெட்ஸ் ரசிகர்களின் 2 நாட்கள்

2015 ஜூலைக் கடைசியில் நியூயார்க் மெட்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியின் ரசிகர்களுக்கு ஒரே கவலைதான்: ரன் அடிக்க ஆள் இல்லை. நன்றாக அடிக்கும் ஓர் அவுட்ஃபீல்டர் (மைதானத்தின் வெளிப்பகுதியில் நின்று பந்தைப் பிடிப்பவர்) வந்தே ஆகவேண்டும்.

முதலில் பேசப்பட்டவர் மில்வாக்கி அணியின் கார்லோஸ் கோமெஸ். ஓடவும் தெரியும், பிடிக்கவும் தெரியும். ஒப்பந்தம் 2016 வரை இருந்தது. ஆனால் அவருக்கு விலையாக மெட்ஸ் கொடுக்கவேண்டியது பணமல்ல, தன் வீரர்கள் இருவரை: பந்துவீச்சாளர் ஸாக் வீலரும் வில்மர் ஃபுளோரெஸும். ஜூலை 29 அன்று ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே செய்தி கசிந்தது. கைபேசியில் பார்த்த ரசிகர்கள் எழுந்து நின்று ஃபுளோரெஸுக்குக் கைதட்டினார்கள். 16 வயதில் இந்த அணியோடு சேர்ந்தவர், மைதானத்தில் நின்றபடியே சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோமெஸின் இடுப்பு பற்றிய சந்தேகத்தால் பேரம் முறிந்தது.

அடுத்தவர் டெட்ராய்ட்டின் யோயெனிஸ் செஸ்பெடஸ். அந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. சில மாதங்களுக்காக மைக்கேல் ஃபுல்மர், லூயிஸ் செஸ்ஸா என்ற 2 இளம் பந்துவீச்சாளர்களைக் கொடுப்பதா என்ற கேள்வி நியாயமானதுதான். ஃபுல்மர் 2016இல் சிறந்த அறிமுக வீரர் விருதே வாங்கினார்.

ஆனாலும் என் ஓட்டு செஸ்பெடஸுக்கே. மெட்ஸுக்காக 57 ஆட்டங்களில் 17 ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பது)! மெட்ஸ் உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டி வரை போனது. கோமெஸை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி வாங்கி, மறு ஆண்டே விடுவித்துவிட்டது.

அப்புறம், செஸ்பெடஸை வாங்கிய ஜூலை 31 இரவிலேயே, 12ஆவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை வென்று கொடுத்தது யார் தெரியுமா? ஃபுளோரெஸ். சட்டையில் இருந்த மெட்ஸ் எழுத்தைப் பிடித்து இழுத்துக் காட்டியபடி ஓடிவந்தார்.