லீஸ்டு லைன் என்று சொல்லி வீட்டு பிராட்பேண்டை மாட்டிவிட்டார்கள்: ரூ.2,36,000 போனது

எங்கள் பின்னலாடை நிறுவனத்தின் அலுவலகம் கோவை பீளமேட்டிலும், தைத்து அனுப்பும் யூனிட் திருப்பூரிலும் இருக்கின்றன. பில், ஸ்டாக் எல்லாம் கோவை சர்வரில் இருப்பதால், இரண்டுக்கும் இடையே 10 எம்பிபிஎஸ் வேகத்தில் லீஸ்டு லைன் (வேறு யாரோடும் பகிராமல் எங்களுக்கே ஒதுக்கப்படும் இணைப்பு) கேட்டு உள்ளூர் இணைய விநியோகஸ்தர் ஒருவரை அணுகினோம். ஓராண்டு முன்பணம் 2,00,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 36,000 ரூபாய், ஆக 2,36,000 ரூபாய்க்கு ஒரே காசோலையாக எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. யூனிட்டின் படிக்கட்டிலேயே ஸ்ப்ளைசிங் மெஷினை வைத்து உட்கார்ந்து, முடி போன்ற அந்தக் கண்ணாடி இழையைத் தானே வெட்டி ஒட்டிய அவர், "இந்த கோர் உங்களுக்கு மட்டுந்தானுங்கண்ணா, நடுவுல வேற யாரும் கிடையாது" என்று விரலில் தூக்கிக் காட்டினார். சட்டை முழுக்கத் தூசியோடு தானே வேலை செய்கிற முதலாளி ஏமாற்றுவார் என்று யாருக்குத்தான் தோன்றும்? டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து மாலை ஏழு மணியானால் லைன் தள்ளாடத் தொடங்கியது. பிங், அதாவது மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறிய சோதனை, ஒழுங்காகப் போகும். பில் திரை மட்டும் அப்படியே உறைந்து நிற்கும். பில் வராவிட்டால் இ-வே பில் எடுக்க முடியாது. இ-வே பில் இல்லாமல் தூத்துக்குடிக்குப் போக வேண்டிய லாரி வாசலைத் தாண்டாது. புகார் சொன்னால், "நம்ம பக்கம் எல்லாம் பச்சையா இருக்குதுங்க, உங்க சுவிட்சைப் பாருங்க" என்றார்கள். சுவிட்சை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், இரு முனைகளிலும் டூப்ளெக்ஸ் (தரவு ஒரே நேரத்தில் இருபக்கமும் போகிறதா என்பதற்கான) அமைப்பு ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்தோம். போர்ட்டில், தரவு வழியில் சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழை ஒன்றுகூட இல்லை. "ரவுட்டரை ஒருக்கா ஆஃப் பண்ணிப் போடுங்க" என்பார்கள். அடுத்த அரை மணி நேரத்தில், புகார் தீர்க்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிடும்.

கடைசியில், நெட்வொர்க் வேலையில் இருக்கும் என் மச்சான் வந்து, துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் பெரிய பாக்கெட்டுகளை (தரவுப் பொட்டலங்களை) அனுப்பிப் பார்த்தான். நேரடி ஈதர்நெட் லைனில் 1472 பைட் தாராளமாகப் போக வேண்டும். எங்களுக்கு 1440-க்குக் குறைத்த பிறகே பதில் வந்தது. விழுங்கப்பட்ட 32 பைட்டில் 8 வீட்டு இணைப்புக்குரிய பிபிபிஓஇ (பயனர்பெயர் கொடுத்து உள்ளே நுழையும் முறை) தலைப்பு, மீதி 24 அதன் மேல் ஓட்டிய, தனி லைன் போலக் காட்டும் ஜிஆர்இ டனல் என்று காகிதத்தில் கூட்டிக் காட்டினான். சிறிய பிங் போய்ப் பெரிய தரவு நின்றதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. எங்களுக்கே உரிய கோர் என்று காட்டிய இழை, தெருக்கம்பத்துப் பெட்டியில், ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் போய்ச் சேர்ந்திருந்தது. மாலையானால் அந்தத் தெருவே அதில் படம் பார்க்கிறது.

விநியோகஸ்தரைக் கேட்டதற்கு, "இப்பெல்லாம் லீஸ்டு லைன்னா இப்படித்தானுங்கண்ணா குடுக்கிறாங்க" என்றார். 2,36,000 ரூபாயைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்து போனை எடுப்பதில்லை. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமென்றால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வணிக நோக்கில் சேவை பெறுபவர் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்கிறார் வக்கீல். சிவில் வழக்குத்தான் வழியாம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். பணம் கொடுக்கும் முன்பே 1472 பைட் சோதனையை அவர்கள் முன்னிலையில், மாலை நேரத்தில் செய்யுங்கள். லைன் படுத்தால் கட்டணத்தில் எவ்வளவு கழிவு என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். இதை எழுதும்போது மணி ஏழே கால், லாரி வாசலில் நிற்கிறது.