ஃபைபர் பாடியை டிங்கரிங் ஷெட்டில் விடப்போகிறவர்கள் கவனத்துக்கு

மயிலாடுதுறை பக்கம் ஒரு டிங்கரிங் ஷெட். பெயர் போடவில்லை, போட்டால் அது தனித் தலைவலி. ஆனால் எனக்கு நடந்தது, நம்ம பக்கத்தில் சொந்தமாக வண்டி கட்டுகிறவர்களுக்கும் பழைய ஜீப்புக்கு ஃபைபர் பானெட் மாட்டுகிறவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

என்னுடையது வீட்டிலேயே கட்டிய வண்டி. சதுரக் குழாயில் வெல்டிங் வைத்த சேஸிஸ், பழைய மாருதி 800-இன் 796 சிசி இன்ஜின், மேலே ஃபைபர் பாடி, அதாவது கண்ணாடி நாரை ரெசின் என்கிற பிசினில் ஊற வைத்து இறுக்கியது. பதிவெண் கிடையாது, தென்னந்தோப்புக்குள் மட்டும்தான் ஓட்டுவோம். பேனல்களைக் கழற்றிக் கீழே வைத்திருந்தோம். திரும்ப மாட்டி, பேனல்களுக்கு நடுவே இருக்கிற கேப் (இடைவெளி) சரி பார்த்து, கலர் அடித்துக் கொடுப்பதுதான் பேச்சு. "ஃபைபர்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடுண்ணே, ஆவணி பொறக்கறதுக்குள்ள குடுத்துடறேன்" என்றார் ஷெட்காரர். பாதிக்கு மேல் முன்பணம் வாங்கிக்கொண்டார், குட்டி யானையில் ஏற்றி அனுப்பினோம்.

வண்டி திரும்பி வந்தது ஐப்பசி மழை பிடித்த பிறகு. சரி, தாமதத்தை விடுங்கள், எந்த ஷெட்டில்தான் சொன்ன தேதிக்குக் கொடுக்கிறார்கள்? பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. தோப்புக்குள் கொஞ்ச நாள் ஓட்டியதுமே ஒவ்வொரு ஸ்குரூவைச் சுற்றியும் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு, டோர் வேறு பிடித்துக்கொண்டு திறக்க வரவில்லை.

மச்சான் உட்கார்ந்து கழற்றினான். நான் பை நிறையக் கொடுத்தனுப்பிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், அகல வாஷர், ரப்பர் எதையும் காணோம். எல்லா இடத்திலும் தகட்டுக்கு அடிக்கிற, தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் செல்ஃப் டேப்பிங் ஸ்குரூவை நேராக ஃபைபருக்குள் இறக்கியிருக்கிறார்கள். ஃபைபர் தகடு மாதிரி வளைந்து கொடுக்காது. ஓட்டை போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், அடியில் அகல வாஷர் வேண்டும், சேஸிஸ் முறுக்கினாலும் பேனல் கொஞ்சம் நகர இடம் வேண்டும். இல்லையென்றால் பாரம் முழுக்க ஒரே புள்ளியில் இறங்கி மேல் பூச்சு வெடிக்கத்தான் செய்யும்.

அதைவிட மோசம் கேப் வேலை. சக்கரம் கழற்றி, ஸ்டாண்டில் தூக்கி வைத்தே பேனல் மாட்டியிருக்கிறார்கள். வண்டி சக்கரத்தில் நின்று, ஆள் ஏறி உட்கார்ந்தால் சேஸிஸ் கொஞ்சம் அமரும், கேப் மாறும். அதற்குத்தான் சக்கரத்தில் நிறுத்தி, உயரம் சரி செய்யப் பேக்கிங் தகடு வைத்து, கலர் அடிப்பதற்கு முன்பே ஒரு தடவை மாட்டிப் பார்ப்பது. இவர்கள் இடித்த ஓரத்தைக் கிரைண்டரில் அறுத்துவிட்டு, அகன்றுபோன இடத்தில் விரல் தடிமனுக்குப் பட்டி (பள்ளம் நிரப்பப் பூசுகிற பசை) வைத்து மறைத்துவிட்டார்கள். பில்லில் மட்டும் ரெசின், மேட் (கண்ணாடி நார் விரிப்பு) என்று தனித்தனி வரி!

இரும்பு பாடி என்றால் காந்தத்தை ஒட்டிப் பார்த்தே பட்டியைப் பிடித்துவிடலாம். ஃபைபரில் காந்தம் எங்கேயுமே ஒட்டாது, ஏமாற்றுகிறவர்களுக்கு அது வசதி. விரலால் தட்டுங்கள், பட்டி இருக்கிற இடம் மொத்தென்று கேட்கும். உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், புதிதாக மேட் போட்டிருந்தால் நார் தெரியும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பேனலையும் எடை போட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றையும்விட நல்லது.

போய்க் கேட்டதற்கு, "மழைல ஈரம் இறங்கிடுச்சுண்ணே, நாங்க என்ன பண்றது" என்கிறார். ஈரம் இறங்கியது உண்மைதான். பட்டி தண்ணீரை உறிஞ்சும், அது தெரிந்தவர் அவ்வளவு பட்டியை ஏன் வைத்தார்?

கடைசியில் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் படகு வேலை பார்க்கிறவர் ஒருவரைப் பிடித்தோம். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் ஃபைபர் படகு நிறைய, கை தேர்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். மழை நாளில் ரெசினைத் தொடவே மாட்டேன், தை மாதம் கொண்டுவா தம்பி என்று திருப்பி அனுப்பிவிட்டார், அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தையில் பட்டியை முழுக்கத் தேய்த்து எடுத்து, ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, ரெசினை இறுக வைக்கிற ஹார்டனரை அளந்து ஊற்றி, மேட்டை அடுக்கடுக்காக ஒட்டி ஓரம் கட்டிக் கொடுத்தார். கலர் மட்டும் பாக்கி.

பழைய ஷெட்காரர் மீதிப் பணத்துக்கு இன்னும் போன் செய்கிறார். பெயர்த்தெடுத்த பட்டியைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், வந்து எடை போட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.