ஸ்டெஃபான் கெயோர்கேயா, ரில்கேயா?

ஜெர்மன் குறியீட்டுக் கவிதை, அதாவது உணர்ச்சியை நேராகச் சொல்லாமல் படிமங்களால் உணர்த்தும் கவிதை, என்றதும் எல்லோரும் நேராக ரில்கேயிடம்தான் போகிறார்கள், கெயோர்கேயைத் தாண்டிவிட்டுப் போவதுதான் எனக்கு வருத்தம். 1868இல் பிறந்தவர், 1889இல் பாரிஸில் பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மேயின் செவ்வாய்க்கிழமைக் கூட்டங்களில் உட்கார்ந்து, அங்கே கண்ட கறாரான வடிவத்தை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார், 1892இல் சொந்த இதழும் தொடங்கினார்.

ரில்கே 1875இல் பிராகில் பிறந்தவர். சிற்பி ரோதானிடம் செயலாளராக இருந்தவர், ஒரு பொருளை உற்றுப் பார்க்க அங்கேதான் பழகினார். ரில்கேயின் ‘சிறுத்தை’ கவிதையில் மிருகம் சின்ன வட்டத்துக்குள் சுற்றிச்சுற்றி வருகிறது, கூண்டுக் கம்பிகளுக்கு அப்பால் உலகமே இல்லை என்று ஆகிவிடுகிறது. யாருக்கும் உடனே புரியும்.

கெயோர்கே அப்படி இல்லை. 1897இல் வந்த ‘ஆன்மாவின் ஆண்டு’ தொகுப்பின் முதல் கவிதையில், செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட இலையுதிர்காலப் பூங்காவுக்கு நம்மைக் கூப்பிட்டு, அடர்ந்த மஞ்சளையும் மென்சாம்பலையும் இன்னும் முழுக்க வாடாத கடைசி ரோஜாக்களையும் பொறுக்கி மாலை கட்டச் சொல்கிறார். உணர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தைகூட கிடையாது, ஆனால் நிறம் நிறமாக மனசு கனத்துப்போகிறது.

அவர் தன்னைச் சுற்றிச் சீடர் வட்டம் சேர்த்து குருவாக வாழ்ந்தது எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனாலும் 1933இல் நாஜிகள் கொடுக்க வந்த கௌரவத்தை மறுத்தார், பின்னாளில் ஹிட்லரைக் கொல்ல முயன்ற ஷ்டாஃபென்பெர்க்கும் அந்த வட்டத்தில் இருந்தவரே.

புதிதாகப் படிப்பவர் என்றால், சரி, ‘சிறுத்தை’யில் தொடங்குங்கள். அப்புறம் கட்டாயம் கெயோர்கேயின் பூங்காவுக்கு வாருங்கள், அதுவும் வாய்விட்டுப் படித்து.